மணலில் எழுதிய மாணவர்



கல்வியை நாடிக் கடல் கடப்பது இன்று அரிய செய்தியன்று. ஜெர்மானிய மாணவர் ஒருவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் ஓராண்டுப் படிப்புக்காக அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குச் செல்கிறார் என்றால், அவரை எதிர்கொண்டு அழைக்க விமான நிலையத்தில் ஆள் நிற்கும். தங்கும் விடுதியும் அறை எண்ணும் முன்னரே முடிவாகியிருக்கும். புதிதாக வந்தோர்க்கென்று சில நாள் அறிமுக வகுப்புகளும் நடைபெறும். இத்தனை ஏற்பாடுகள் இருந்தும் முதல் சில நாட்களின் திகைப்பு அவரை விடுவதில்லை. தெரிந்த மொழியே அயலார் வாயில் தெரியாத மொழியாக ஒலிக்கும். யாரை எப்படி விளித்துப் பேசுவது என்பது புரியாது. சொந்த ஊரில் அறிவாளியாக மதிக்கப்பட்டவர், அங்கே கடைக்குச் சென்று ஒரு பொருளைக் கேட்டு வாங்கவும் தடுமாறுவார்.

இத்தகைய முதல் நாட்கள் நம் காவிரிப் படுகையிலேயே ஒருவருக்கு வாய்த்தன. அவரும் ஜெர்மானியர்; அவரும் பல்கலைக்கழக மாணவராக இருந்தவர். அவர் கற்க வந்த இடத்தில் கட்டடமில்லை, பட்டமில்லை, வரவேற்க ஆளுமில்லை. குடவாயிற் கீரத்தனாரின் பெயரைச் சுமந்து நிற்கும் இந்தக் குடவாசலிலிருந்து கிழக்கே சென்றால் கடலோரத்தில் இருக்கும் தரங்கம்பாடிதான் அந்த இடம். மாணவர் பெயர் பர்த்தலோமேயு சீகன்பால்கு.

சாக்சனி நாட்டில் புல்ஸ்நிட்ஸ் என்னும் சிற்றூரில் 1682 ஜூலை 10ஆம் நாள் பிறந்தவர் சீகன்பால்கு. ஹாலே பல்கலைக்கழகத்தில் இறையியல் கற்றவர். உடல்நலம் ஒத்துழைக்காமையால் படிப்பைத் தொடர இயலாது போனவர். டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக், தம் ஆட்சிக்குட்பட்ட தரங்கம்பாடிக்குச் சமயப் பணியாளரை அனுப்ப விழைந்தபோது, தேர்ந்தெடுக்கப்பட்ட இருவருள் ஒருவரானார். மற்றவர் ஹென்ரிச் புளுட்சோ. 1705 நவம்பர் இறுதியில் கோபன்ஹேகனிலிருந்து புறப்பட்ட 'சோபியா ஹெட்விக்' என்னும் கப்பல், நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு, 1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடிக் கடலை அடைந்தது. மறுநாள் அவருக்கு இருபத்து நான்கு வயது நிறைவு.

அந்த ஊர் டேனியர் கைக்கு வந்தது 1620இல். தஞ்சை இரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னருடன் செய்துகொண்ட உடன்படிக்கையின் வழியே அங்கே டேன்ஸ்பர்க் கோட்டை எழுந்தது. கோட்டை இருந்ததே தவிரத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களும் சரக்குகளும் சலங்குகளில் ஏறி, அலைகளைத் தாண்டிக் கரை சேர வேண்டும். அலைகள் பாடும் ஊர் என்று பெயர் சூட்டியவர் கவிஞராக இருந்திருக்க வேண்டும். அந்த அலைமேல் வந்து இறங்கியவர்களுக்கு அது பாட்டாகக் கேட்டிருக்காது.

இறங்கிய பிறகு நடந்தது இன்னும் கசப்பானது. கோட்டையின் தலைவர் ஹாசியுஸ், இந்த இருவரின் வருகையைத் தம் அதிகாரத்திற்கு இடையூறாகவே கருதினார். மன்னரின் ஆணையைக் கையில் வைத்திருந்தும், காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணி வரை அவர்கள் வெளியே காத்திருக்க நேர்ந்தது. பின்னர் வெளியே வந்த தலைவர், எதற்கு வந்தீர்கள் என்று கடுமையாகக் கேட்டுவிட்டு, ஊருக்குள் நடந்து சென்று, தெருவிலேயே அவர்களை விட்டுவிட்டுப் போய்விட்டார். மாலை மங்கும் வேளையில், அந்நிய நாட்டுத் தெருவில், போக்கிடம் அறியாமல் இருவர் நின்றனர். அலுவலர் ஒருவர் இரக்கம் கொண்டு, தம் மனைவியின் பெற்றோர் வீட்டில் இடம் பெற்றுத் தந்தார் என்று வரலாறு கூறுகிறது. அது ஆனி முடியும் காலம். ஆடிப்பெருக்கிற்கு இன்னும் சில வாரங்களே இருந்தன. படுகை முழுவதும் புதுப்புனலுக்காகக் காத்துக் கிடந்த பருவத்தில் வந்து இறங்கிய இந்த விருந்தினர்களை ஊர் கவனித்திருக்குமா என்பதே ஐயம்.

கடற்கரைப் பட்டினங்களில் அந்நாளில் ஐரோப்பியர்க்கும் நம் மக்களுக்கும் இடையே பாலமாக இருந்தது போர்ச்சுகீசிய மொழி. ஆகவே இருவரும் முதலில் அதைக் கற்கத் தொடங்கினர். போர்ச்சுகீசியம் கோட்டைக்கும் கடைத்தெருவுக்கும் போதும். ஊருக்குள் போக அது போதாது என்பது சீகன்பால்குவுக்கு விரைவிலேயே விளங்கிவிட்டது. டேனியர் அங்கே எண்பத்தாறு ஆண்டுகளாக வாணிகம் செய்துவந்தனர். வாணிகத்துக்குத் துபாஷி இருந்தால் போதும். மனத்தோடு பேசத் துபாஷி போதாது. வந்த நோக்கம் சமயம் பரப்புவதே என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்த நோக்கமே அவரைத் தமிழின் வாயிலில் கொண்டுவந்து நிறுத்தியது.

தமிழ் கற்பிக்க ஐரோப்பியர்க்கென்று பள்ளி ஏதும் அங்கே இல்லை. அச்சிட்ட இலக்கண நூலும் கையில் இல்லை. இருந்தது நம் சிறுவர் படிக்கும் திண்ணைப் பள்ளி ஒன்றே. எழுபது வயது மதிக்கத்தக்க வாத்தியார் ஒருவரை அவர்கள் அணுகி, அவருடைய பள்ளியைத் தாங்கள் தங்கிய வீட்டிலேயே நடத்துமாறு வேண்டினர். அவரும் இசைந்தார். மறுநாள் முதல் அந்த வீட்டில் சிறுவர்கள் வரிசையாக அமர்ந்து, தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுத்துகளை எழுதினர். அந்த வரிசையில், அதே மணலில், லத்தீனும் கிரேக்கமும் எபிரேயமும் கற்ற இரு பெரியவர்களும் உட்கார்ந்து அகரம் எழுதினர்.

இந்தக் காட்சியைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். திண்ணைப் பள்ளியை இன்று நாம் பிரம்பும் மனப்பாடமும் என்று எளிதில் ஒதுக்கிவிடுகிறோம். அதன் கல்விமுறையில் ஒரு நுட்பம் இருந்தது. மணலில் விரல் பதியும்போது எழுத்தின் வளைவு முதலில் கையில் ஏறும். வாய் அதை உரக்கச் சொல்லும். காது பக்கத்துப் பிள்ளையின் குரலோடு ஒத்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளும். தவறினால் உள்ளங்கையால் தடவி அழித்துவிட்டு மீண்டும் எழுதலாம். ஓலையும் எழுத்தாணியும் அதன் பின்னரே வரும். ஜெர்மானிய நாவுக்கு நம் ழகரமும் றகரமும் ணகரமும் புதியவை. வயது வந்தவர் ஒருவர் இவற்றைத் தனியே அமர்ந்து பயின்றால் வெட்கம் பிடுங்கும். பிள்ளைகள் நடுவில் அமர்ந்தால் வெட்கப்பட நேரமில்லை. கூட்டத்தோடு கூட்டமாகக் கத்திவிடலாம். புதிய பல்கலைக்கழகத்தில் நுழையும் எந்த மாணவருக்கும் கிடைக்காத சலுகை இது.

ஆனால் அந்தப் பள்ளியில் ஓர் இடர்ப்பாடும் இருந்தது. வாத்தியாருக்குத் தமிழன்றி வேறு மொழி தெரியாது. எழுத்து வந்தது, ஒலி வந்தது, சொற்கள் வரிசையாக வந்தன, பொருள் வரவில்லை. பிள்ளைகளுக்குப் பொருளைத் தாய் வீட்டிலேயே ஊட்டிவிடுகிறாள். இவர்களுக்கு அந்தத் தாய் இல்லை. அந்த இடத்தை நிரப்ப வந்தவர் அழகப்பன். டேனியக் குழுமத்தில் தலைமைத் துபாஷியாக இருந்து விலக்கப்பட்டவர் அவர். போர்ச்சுகீசியம், டேனிஷ், டச்சு, ஜெர்மன் ஆகிய மொழிகளைப் பேச வல்லவர். சீகன்பால்கு அவரை ஊதியம் கொடுத்து அமர்த்திக்கொண்டார். வாத்தியார் மொழியின் உடலைக் கொடுத்தார். அழகப்பன் அதன் உள்ளத்தைத் திறந்தார். எட்டே மாதங்களில் சீகன்பால்குவால் தமிழைப் படிக்கவும் எழுதவும் பேசவும் முடிந்தது.

முதிய வாத்தியார் எழுத்தறிவித்ததோடு நிற்கவில்லை. நாள்தோறும் மாணவரிடம் தத்துவக் கேள்விகளை எழுப்பினார், வாதிட்டார். அவரைத் தம் சமயத்திற்குக் கொண்டுவந்துவிடலாம் என்று மாணவர் நம்பினார். மாணவர் ஒரு நாள் மலபாரியராகவே ஆகிவிடுவார் என்று வாத்தியார் நம்பினார். அந்த நம்பிக்கையினாலேயே எல்லாவற்றையும் தெளிவாக விளக்கிச் சொன்னார். தமிழரை அந்நாளில் ஐரோப்பியர் மலபாரியர் என்றே அழைத்தனர் என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். ஒருவரை ஒருவர் மாற்றிவிடலாம் என்ற நம்பிக்கையில் இருவர் தினமும் எதிரெதிரே அமர்ந்தனர். இருவரின் நம்பிக்கையும் நிறைவேறவில்லை. தமிழ் மட்டும் கைமாறியது. ஆசிரிய மாணவ உறவின் வரலாற்றில் இதைவிடச் சுவையான பக்கம் அரிது.

இனி அந்த மாணவருள் நிகழ்ந்த மாற்றத்திற்கு வருவோம். நம் மக்களை நாகரிகமற்றவர் என்று எண்ணும் ஐரோப்பியப் பொதுக் கருத்தோடுதான் அவரும் கப்பலேறினார். மொழியறியாமல் பார்த்தவரை அந்தக் கருத்து நிலைத்தது. நூல்களைப் படிக்கத் தொடங்கியதும் அது உடைந்தது. உலகநீதி, கொன்றை வேந்தன், நீதிவெண்பா ஆகிய மூன்றையும் 1708இல் ஜெர்மன் மொழியில் பெயர்த்தபோது, தமிழரிடம் ஒழுங்கும் கல்வியும் அறநெறியும் உண்டு என்பதைத் தம் நாட்டவர்க்கு எடுத்துரைத்தார். அவர் மனத்தைத் திருப்பியவை பெருங்காப்பியங்களல்ல. நம் பிள்ளைகள் ஐந்து வயதில் ஒப்பித்துவிட்டு மறந்துபோகும் சிறு நீதிநூல்கள் என்பது கருதத்தக்கது. அடிவகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்தவருக்கு அடிவகுப்பு நூல்களே கதவைத் திறந்தன.

அவருடைய அன்றாடக் கல்விமுறையை 1708ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்று காட்டுகிறது. காலை ஏழு முதல் எட்டு வரை, முன்பு கற்ற சொற்களையும் தொடர்களையும் திரும்பச் சொல்லிப் பார்ப்பார். எட்டு முதல் பன்னிரண்டு வரை, அதுவரை படித்திராத தமிழ் நூல்களை மட்டுமே படிப்பார். அருகில் முதிய புலவர் ஒருவரும் எழுத்தர் ஒருவரும் இருப்பர். புலவர் கடினமான இடங்களுக்குப் பொருள் சொல்வார். எழுத்தர் புதிய சொற்களைக் குறித்துக்கொள்வார். பிற்பகல் மூன்று முதல் ஐந்து வரை மீண்டும் படிப்பு. இரவு ஏழு மணிக்குமேல், கண்ணுக்கு ஓய்வு வேண்டி, பிறரைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். யாருடைய நடை தம் பேச்சுக்கும் எழுத்துக்கும் ஏற்றது என்று கருதினாரோ, அந்த ஆசிரியரின் நூலையே தேர்ந்து பலமுறை படித்தார். சில நூல்களை நூறு முறை வரை படித்ததாகவும் கூறுகிறார். ஆராய்ச்சி மாணவர்கள் இந்தக் கடிதத்தை அறிந்திருப்பது நல்லது. கவிஞர்களுக்கும் இதில் செய்தி உண்டு: நடையை அவர் இலக்கணத்திலிருந்து கற்கவில்லை, காதிலிருந்து கற்றார்.

நூல்கள் கிடைத்த வழியும் கவனிக்க வேண்டியது. ஓலைச்சுவடிகள் அந்நாளில் கடைச்சரக்கல்ல. சீகன்பால்கு தம் எழுத்தர்களைப் பல நாள் பயண தூரத்திற்கு உள்நாட்டில் அனுப்பி, இறந்துபோன அந்தணர்களின் கைம்பெண்களிடமிருந்து சுவடிகளை விலைக்கு வாங்கச் செய்தார். கணவர் இருந்தவரை வீட்டில் பூசனைக்குரியதாக இருந்த சுவடிக் கட்டு, அவர் மறைந்தபின் அரிசிக்கு விலையானது. நம் படுகையின் வீடுகளில் அப்படி எத்தனை கட்டுகள் கைமாறியிருக்கும் என்று எண்ணுகையில் நெஞ்சு கனக்கிறது. மாறாத கட்டுகள் கறையானுக்கும் ஆடிப்பெருக்கு ஆற்றுக்கும் போயின என்பதையும் உடன் எண்ண வேண்டியிருக்கிறது. 1708இல் அவர் தொகுத்த நூற்பட்டியலில் தமிழர் சமயமும் இலக்கியமும் சார்ந்த 119 நூல்கள் விளக்கக் குறிப்புகளோடு இடம்பெற்றன. தொல்காப்பியமும் திருக்குறளும் அதில் உண்டு. உ.வே.சாமிநாதையர் பிறப்பதற்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட பட்டியல் அது. வந்திறங்கி இரண்டே ஆண்டுகள் ஆன மாணவர் எழுதியது.

இலக்கிய மேடைகளில் சீகன்பால்குவின் பெயர் பெரும்பாலும் ஒரு வரிசையில் வந்து போகிறது: வீரமாமுனிவர், போப், கால்டுவெல் என்று சொல்லி, அயலாரும் போற்றிய மொழி நம் மொழி என்று கைதட்டி முடித்துவிடுகிறோம். அச்சுக்கலையைத் தமிழுக்குக் கொண்டுவந்த முதல்வர் என்றும் அவரைச் சொல்லிவிடுகிறார்கள். அது பிழை. அவருக்கு முன்பே, 1578இல், அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சேறிவிட்டது. தவறான பெருமை சீகன்பால்குவுக்குத் தேவையில்லை. 1715இல் தரங்கம்பாடியில் அச்சாகி நிறைவுற்ற தமிழ்ப் புதிய ஏற்பாடே அவருக்குப் போதும். இந்த வரிசையில் உள்ள பெரிய குறை வேறு. அயலார் கற்றார் என்று சொல்லும் நாம், அவர்களுக்குக் கற்பித்தவர் யார் என்று கேட்பதில்லை. புகழ்ந்தவர் பெயர் நினைவில் நிற்கிறது; புகழத்தக்கதை எடுத்துக் கொடுத்தவர் பெயர் நிற்பதில்லை.

கற்பித்தவர்கள் கொடுத்த விலை சிறிதன்று. அழகப்பனை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழைச் சொல்லிக்கொடுத்தார், நம் சமயங்களையும் வழக்கங்களையும் விளக்கிச் சொன்னார். அதன் பயனாகத் தரங்கம்பாடியிலிருந்து அவர் வெளியேற்றப்பட்டார். தஞ்சைக்குச் சென்றால், மறைபொருள்களை அந்நியர்க்குக் காட்டிக்கொடுத்தவர் என்ற குற்றச்சாட்டின்பேரில் அங்கே சிறைப்பட்டார். டேனியருக்கும் வேண்டாதவர், தஞ்சை அரசுக்கும் வேண்டாதவர். இரு மொழிகளுக்கு இடையே நிற்பவருக்கு இரு கரையும் சொந்தமில்லை என்பது அவர் வாழ்க்கையில் மெய்யாயிற்று. பின்னாளில், 1712 முதல் 1714 வரை, தமிழர்கள் தங்கள் வாழ்க்கையையும் சமயத்தையும் குறித்து எழுதிய 99 மடல்கள் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலேயில் அச்சாயின. அவற்றுள் பலவற்றை எழுதியவர் அழகப்பனே என்று ஆய்வாளர் கருதுகின்றனர். ஐரோப்பாவில் அந்த மடல்களைப் படித்தவர்களுக்கு எழுதியவர் பெயர் தெரியாது. 'மலபாரியர்' என்பது மட்டும் தெரியும்.

கணபதி வாத்தியார் என்ற இளங்கவிஞர் இன்னொருவர். சீகன்பால்குவின் மொழிபெயர்ப்புப் பணிகளில் துணை நின்றவர். சமயம் மாறியபோது உறவினரின் கடும் எதிர்ப்புக்கு ஆளானவர். மாறியது சரியா தவறா என்பது இந்த மேடைக்குரிய வினா அன்று. ஒரு கவிஞர் தாம் பிறந்த வீட்டின் சொற்களை இன்னொரு வீட்டின் பொருளுக்குத் தந்தார். அதனால் பிறந்த வீட்டை இழந்தார். தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தின் தொடக்கத்தில் இப்படி ஓர் இழப்பு இருக்கிறது என்பதை இலக்கிய வரலாறு எழுதுவோர் ஒரு வரியிலாவது குறிக்க வேண்டும்.

மாணவரும் தப்பவில்லை. ஹாசியுஸோடு மூண்ட பிணக்கினால், 1708 இறுதியில் தொடங்கி ஏறத்தாழ நான்கு மாதங்கள் சீகன்பால்கு டேன்ஸ்பர்க் கோட்டையில் சிறைவைக்கப்பட்டார். முதல் நாளன்று வெளியே காக்க வைத்த கோட்டை, இரண்டு ஆண்டுகளுக்குப்பின் உள்ளே அடைத்து வைத்தது.

சிறையைவிடக் கொடியது ஒன்றும் நேர்ந்தது. தமிழரின் தெய்வங்களைக் குறித்து, தமிழ்ச் சுவடிகளையும் தமிழர் மடல்களையும் ஆதாரமாகக் கொண்டு, 1713இல் ஒரு பெருநூலை அவர் எழுதி முடித்தார். கையெழுத்துப் படி ஹாலேக்குச் சென்றது. அங்கிருந்த மூத்தவர் பிராங்கே, புறச்சமயத்தை வேரறுக்க அனுப்பப்பட்டவர்கள் அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதா என்ற கருத்தோடு அதை ஒதுக்கிவிட்டார். சென்னையில் 1867இல்தான் அந்நூல் அச்சேறியது. எழுதியவர் மறைந்து நூற்று நாற்பத்தெட்டு ஆண்டுகள் கடந்துவிட்டன. அயல்நாட்டில் கற்கச் சென்ற மாணவர், கற்றதை எழுதி வீட்டுக்கு அனுப்பினால், வீடு அதைப் படிக்க மறுக்கிறது. முதல் நாட்களில் தரங்கம்பாடித் தெருவில் அந்நியராக நின்றவர், தாம் பயின்ற பல்கலைக்கழக ஊருக்கே அந்நியராகிவிட்டார்.

பரிமாற்றம் என்றால் இருபுறமும் போக்குவரத்து இருக்க வேண்டும். இங்கும் இருந்தது, மிகச் சிறிய அளவில். 1714இல் சீகன்பால்கு ஐரோப்பாவிற்குப் புறப்பட்டபோது, பீட்டர் மலையப்பன் என்ற தமிழ் இளைஞர் உடன் சென்றார். கப்பல் பயணத்தில் சீகன்பால்கு ஒரு தமிழ் இலக்கண நூலை லத்தீனில் எழுதினார். அது 1716இல் ஹாலேயில் அச்சாயிற்று. நூலின் முகப்பில் இருப்பது சீகன்பால்குவின் பெயர். அலைமேல் மாதக்கணக்கில் அவர் அதை எழுதிக்கொண்டிருந்தபோது, தாய்மொழியாகத் தமிழைப் பேசும் ஒருவர் அதே கப்பலில் இருந்தார் என்பதை நாம் மறக்கலாகாது. எழுபது வயது வாத்தியார் மணலில் தொடங்கி வைத்த பாடத்தின் அடுத்த உரைகல் அந்த இளைஞரின் காதுதான்.

மலையப்பனின் முதல் நாட்களை எண்ணிப் பாருங்கள். பனியையே கண்டிராத காவிரிக்கரைப் பிள்ளை. நெல்லரிசிச் சோறு இல்லாத ஊர். தெருவில் நடந்தால் திரும்பிப் பார்க்கும் கூட்டம். தமிழில் பேச ஒரே ஓர் ஆள். அவரும் தமிழர் அல்லர். சீகன்பால்கு மணலில் அமர்ந்தபோது சுற்றிலும் பிள்ளைகள் இருந்தனர், சேர்ந்து கத்தினர், சிரித்தனர். மலையப்பனுக்குப் பக்கத்தில் உட்காரப் பிள்ளைகள் இருந்தார்களா? சீகன்பால்குவின் முதல் நாட்களை அவருடைய கடிதங்கள் நமக்குச் சொல்லிவிட்டன. மலையப்பனின் முதல் நாட்களுக்கு ஒரு கவிதை எழுதப்பட வேண்டும். பத்து ஆண்டுகளாக மாதந்தோறும் கூடிக் கவிதை படிக்கும் இந்த வட்டத்தில் அதை எழுதத்தக்கவர்கள் இருக்கிறார்கள்.

1716இல் இருவரும் தரங்கம்பாடிக்குத் திரும்பினர். சீகன்பால்கு 1719 பிப்ரவரி 23ஆம் நாள், முப்பத்தாறு வயதில் மறைந்தார். தாம் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். மலையப்பன் 1730 வரை வாழ்ந்தார்.